வெப்பத்துளைகள்

காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் செவ்வாயின் மூன்றாம் குடியிருப்பில் எல்லோரும் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவார்கள். விலாவுக்குள் பொருத்திய மூச்சுத்துணைக் கருவிக்கு அரைமணி நேரம் மின்சாரம் ஏற்ற வேண்டும். விலாவிலிருந்து ஒரு வயர், சுவரில் ஒரு பிளக் பாயிண்ட். காபி, சண்டை, வீட்டுப்பாடம் எல்லாம் அதற்குள்தான்.

இளம்பரிதி மட்டும் பொதுக்கூடத்துக்குப் போய் ஏற்றிக்கொள்வார். வீட்டுச் சுவரை அவர் நம்புவதில்லை. இரண்டு வருடத்துக்கு முன், அவர் வேலையிலிருந்து திரும்பத் தாமதமான ஒரு மாலையில், பிளக் பாயிண்ட் தீப்பிடித்து அவர் மனைவி செண்பகம் இறந்துபோனாள்.

அறிக்கை நான்கே வரி. ‘பிளக் பாயிண்டில் சூடு வெளியேறும் நான்கு வெப்பத்துளைகளும் எதனாலோ மூடப்பட்டிருந்தன. புடவைத் தலைப்பாக இருக்கலாம். மூடிய பொருள் எரிந்துவிட்டது. காரணம்: இறந்தவரின் கவனக்குறைவு.’

அந்தக் கடைசி வரியை அழிக்க வேண்டும். அவருக்கு வேறொன்றும் வேண்டாம். அடுப்பை அணைத்த பிறகும் இரண்டு முறை திரும்பிப் பார்க்கிறவள் செண்பகம். பிளக் பாயிண்ட் செய்யும் பீங்கானில் பிளாஸ்டிக் கலக்கிறார்கள், செம்புக்குப் பதில் முலாம் பூசிய இரும்பை வைக்கிறார்கள் என்று பதினோரு மனு எழுதினார். பத்துக்கு ஒரே பதில் வந்தது. பதினோராவதற்கு நேரில் வரச் சொன்னார்கள்.

மேசைக்குப் பின்னால் தர ஆய்வி இருந்தது. கைகள் மட்டும் கொண்ட இயந்திரம்.

“மீண்டும் சோதித்தோம். பீங்கான் சுத்தம், செம்பும் சுத்தம். ஆயிரம் டிகிரி தாங்கும்.”

“தாங்கும்னா எப்படிங்க எரிஞ்சுது? அந்தப் பீங்கான உங்க தலையில கட்டிக்கிட்டு ஒரு நாள் உக்காந்து பாருங்க.”

“எனக்குத் தலை இல்லை.”

“அதான் தெரியுதே.”

ஆய்வி ஒரு படிவத்தை நகர்த்தியது. குடியிருப்புச் சுவர்கள் வீட்டுப் பேச்சைப் பதிந்துவைக்கும். பத்து மனுக்கள் தள்ளுபடியானால், மனுதாரர் சம்மதத்துடன் அந்தப் பதிவைக் கேட்கலாம். இளம்பரிதி படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். அவள் ஜாக்கிரதையானவள் என்று சுவரே சொல்லட்டும்.

செண்பகத்தின் குரல் கேட்டது.

“ஏங்க, புது பிளக் பாயிண்ட் மேல ஒட்டியிருக்கிற கண்ணாடித்தாள உரிச்சிரட்டுமா? ஓட்டையெல்லாம் அடைச்சிருக்கு. தொட்டா சுடுது.”

“இருக்கட்டும் செண்பா. உரிச்சா ரெண்டே நாள்ல பழசாயிரும்.”

“ரிமோட்டுக்கு உறை, சோபாவுக்கு உறை, இப்ப சுவத்துக்குமா? விட்டா என்னையும் உறையில போட்டு வச்சிருவீங்க.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். பதிவு நின்றது.

‘இறந்தவரின்’ என்ற சொல்லை அடித்துவிட்டு ஆய்வி ‘கணவரின்’ என்று எழுதியது.

“தங்கள் மனு ஏற்கப்பட்டது.”

இளம்பரிதி நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துக்கொண்டார்.

“அந்தச் சிரிப்ப மட்டும் இன்னொரு தடவ போடுங்க.”

“விசாரணை முடிந்துவிட்டது.”

பொதுக்கூடத்துக்குக்கூடப் போகாமல் அவர் வீடு திரும்பியபோது மாலை மணி ஏழு. எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஜெபராஜும் அவர் மகளும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். சிறுமியின் வயர் செருகியிருந்த பிளக் பாயிண்ட் புத்தம் புதிதாய்ப் பளபளத்தது. இளம்பரிதி உள்ளே போய் மண்டியிட்டு, தாளின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்தார்.

“சார், சார்! என்ன பண்றீங்க? போன வாரம்தான் மாத்துனேன்!”

“உரிச்சிருங்க ஜெபராஜ். சூடேறி எரிஞ்சிரும்.”

“அது தெரியாதா சார்? அதுலயே செவப்பு எழுத்துல போட்டிருக்கே.”

போட்டிருந்தது. ‘பயன்படுத்தும் முன் இத்தாளை உரிக்கவும். இல்லையேல் தீப்பிடிக்கும்.’

ஜெபராஜ் கிளம்பி நின்ற ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, பழையபடி ஒட்டினார்.

“இத உரிச்சிட்டா, அப்புறம் பிள்ளைங்க எதப் பாத்துத் தெரிஞ்சுக்கும்?”