நீராளியின் பூசை ஓய்வு

காலை ஆறு மணிக்கு நீராளி பேச்சை நிறுத்தியது. அதற்கு முன் ஒரு மணி நேரம் உளறிக்கொண்டிருந்தது. கடலில் உப்பே இல்லை என்றது. குடிநீர்தான் முழுக்க உப்பு என்றது. கடைசியில் இரண்டும் ஒன்றுதான் என்று ஞானி மாதிரி சொல்லிவிட்டு, எல்லா மோட்டார்களையும் நிறுத்திக்கொண்டது.

தூத்துக்குடிக்கு வடக்கே, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அது. நாலு லட்சம் பேருக்குத் தண்ணீர். அதன் மோட்டார்களையும் கதவுகளையும் ஆள்கணக்கையும் ஆட்டிவைக்கும் இயந்திர மூளைதான் நீராளி. அதற்குள் எப்படியோ ஒரு கிருமிநிரல் புகுந்துவிட்டது. மேல்தொட்டியில் இருந்த தண்ணீர் நண்பகல் வரை தாங்கும்.

“உறைபடியில இருந்து எழுப்பிருங்க,” என்றாள் டெல்பின். அவள் தலைமைப் பொறியாளர். பதவிக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

கட்டுப்பாட்டு அறையில் பணியில் இருந்த இசக்கிராஜ் சாவியைத் திருப்பினான். கிருமிநிரல்கள் பாதி உலகத்தைப் படுக்கவைத்த பிறகு வந்த ஏற்பாடு இந்த உறைபடி. நல்ல நிலையில் இருக்கும்போதே இயந்திரத்தின் மூளையை அப்படியே படியெடுத்து முத்திரை வைத்துவிடுவார்கள். அதைப் படிக்கலாம், எழுத முடியாது. ஒரு புள்ளியை மாற்றினாலும் முத்திரை உடைந்து இயந்திரம் கண்ணே திறக்காது. கிருமியாலும் மாற்ற முடியாது, பொறியாளராலும் மாற்ற முடியாது. கிருமி புகுந்த நினைவுக் கிடங்கை ஒதுக்கிவிட்டு ஒருமுறை உறைபடியிலிருந்து எழுப்பிவிட்டால், புதுக் கிடங்கு வரும்வரை, பகலில் கற்பதையெல்லாம் இயந்திரம் தற்காலிக நினைவில்தான் வைத்திருக்கும். தினமும் காலை ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் உதறிவிட்டு உறைபடியிலிருந்து புதிதாக எழும்.

நாலு நிமிடத்தில் விளக்குகள் பச்சையாயின. இசக்கிராஜ் “அப்பாடா” என்று நாற்காலியில் சாய்ந்தான்.

“காலை வணக்கம்,” என்றது நீராளி. “பூசை ஓய்வு நடைபெறுகிறது. மூத்த பணியாளர் கை வைத்ததும் மோட்டார்கள் ஓடும்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே ஆனி மாத வெயில்.

தப்பு யாருடையது என்று தேடினால் ஒருவரும் அகப்பட மாட்டார்கள். எல்லா மோட்டார்களும் நின்றிருக்கும்போதுதான் உறைபடி எடுக்க வேண்டும் என்பது விதி. அந்த நிலையத்தில் எல்லா மோட்டார்களும் நிற்பது வருடத்தில் ஒரே நாள், ஆயுத பூசை. போன ஐப்பசியில் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை வழங்கிக்கொண்டிருந்தபோதே படியெடுத்து முத்திரையும் வைத்தாயிற்று. அந்த நேரத்து நீராளி பூசை ஓய்வில் இருந்தது. மறுநாள் காலை, நிலையத்தில் அதிக வருடம் வேலை பார்த்தவர் உள்ளங்கையைத் தகட்டில் வைத்தால்தான் அது கண் விழிக்கும். பூசைக்கென்று ஆசையாக எழுதிச் சேர்த்த வழக்கம்.

“மூத்த பணியாளர் யாரு?” என்று டெல்பின் கேட்டாள். பதில் அவளுக்குத் தெரியும். தெரியாமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்றுதான் கேட்டாள்.

“பேச்சித்தாய். வடிகட்டிப் பிரிவு. பணிக்காலம் இருபத்து மூன்று ஆண்டுகள்.”

வடிகட்டி சுரண்ட இயந்திர நண்டுகள் வந்த பிறகு, பேச்சித்தாய் உட்படப் பதினோரு பேரை நீக்கச் சொல்லித் தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது. அப்போது தலைமைப் பொறியாளராக இருந்த நெல்சன், கையெழுத்துப் போட மாட்டேன் என்று வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். துணைப் பொறியாளராக இருந்த டெல்பினுக்குப் பதவி வந்தது. அவள் முதலில் போட்ட கையெழுத்தே அதுதான். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இசக்கிராஜ் தன் கையை வைத்துப் பார்த்தான். அவள் வைத்துப் பார்த்தாள். காவலாளி வைத்தார். நீராளி ஒவ்வொருவருக்கும் மரியாதையாகப் பூசை வாழ்த்துச் சொன்னது. மோட்டாரை மட்டும் ஓட்டவில்லை.

“போய்க் கூட்டிட்டு வாரதுதான் வழி மேடம்,” என்றான் இசக்கிராஜ்.

பேச்சித்தாய் தெருக்குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தாள். மேல்தொட்டித் தண்ணீரை மிச்சம்பிடிக்கத் தெருக்குழாய்களை அடைத்திருந்ததால், குழாய் காற்றைத்தான் விட்டுக்கொண்டிருந்தது. வண்டியிலிருந்து இறங்கிய டெல்பினைப் பார்த்ததும் குடத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“வாங்க மேடம். தண்ணி வரலன்னு கேக்க நானே அங்க வரணும்னு இருந்தேன். உள்ள விட மாட்டாங்கல்லா, அதான் வரல.”

டெல்பின் சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னாள். வரிசையில் நின்றவர்களும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

“ஒங்களுக்கு என் கை மட்டும் வேணுமா, நானும் வேணுமா?”

“நீங்களும்தான்க்கா வேணும்.”

“மத்த பத்து பேரு? அவங்க பேரும் அந்தப் படியில இருக்குல்லா?”

“இருக்கு.”

“அப்ப அவங்களும் வரட்டும். எட்டு மாசத்துக்கு முன்னாடி மாதிரின்னா முழுசா அப்படியே இருக்கணும். எனக்கு மட்டும் இருந்தா எப்படி?”

பதினோரு மணிக்குள் பதினோரு பேரும் வந்து சேர்ந்தார்கள். மூன்று வாரமாகத் திறக்காத வாசல் கதவு ஒவ்வொருவர் பெயரையும் சொல்லித் திறந்தது. யாரோ வழியில் ஒரு பூசணிக்காயும் வாங்கி வந்திருந்தார்கள். அது எதற்கு என்று டெல்பின் கேட்கவில்லை. காய் உடைந்தது. பேச்சித்தாய் கையைச் சேலையில் துடைத்துத் தகட்டில் வைத்தாள்.

“வருக பேச்சித்தாய். ஓய்வு முடிந்தது.”

தரை அதிர்ந்தது. முதல் மோட்டார், இரண்டாவது, பிறகு எல்லாம். மேல்தொட்டியின் அளவுமுள் கீழே இறங்கி இறங்கி ஓரிடத்தில் நின்று, மெல்ல ஏறத் தொடங்கியது. இசக்கிராஜ் அழுதேவிட்டான். தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தான்.

ஒரு மணிக்குத் தலைமையகத்திலிருந்து அழைப்பு வந்தது.

“சபாஷ்! எழுதக்கூடிய புதுக் கிடங்கு வர மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் அந்தம்மாவை வெச்சுக்குங்க. தினம் காலையில அவங்க கை வேணுமில்ல. மத்த பத்து பேரையும் இன்னைக்கே மறுபடி நீக்கிடுங்க.”

டெல்பின் பணிநீக்கப் பக்கத்தைத் திறந்தாள். பத்துப் பெயர்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினாள். தலைமையகத்துக்காரர் இணைப்பிலேயே காத்திருந்தார்.

“மன்னிக்கவும்,” என்றது நீராளி. “துணைப் பொறியாளர் டெல்பினுக்குப் பணிநீக்கம் செய்ய அதிகாரம் இல்லை. தலைமைப் பொறியாளர் நெல்சன் ஒப்புதல் தர வேண்டும்.”

தலைமையகத்துக்காரர் குரலை உயர்த்தினார்.

“உங்க பதவி உயர்வை மறுபடி ஏத்துங்க.”

“அதையும் நெல்சன் சார்தான் ஏத்தணும் சார். ஏத்தினாலும் நாளைக்குக் காலையில அழிஞ்சிரும்.”

“சரி, புதுக் கிடங்கு வரட்டும், பார்த்துக்கலாம்.”

“புதுக் கிடங்குல முதல்ல கடைசி உறைபடியத்தான் ஏத்தணும் சார். சட்டம் அப்படி. அதுக்கப்புறமும் ஒப்புதல் நெல்சன் சார்கிட்டதான் வாங்கணும்.”

யாரும் எதையும் மாற்றிவிடக் கூடாது என்று பயந்து செய்த ஏற்பாடு. அந்த ‘யாரும்’ என்பதில் தாங்களும் உண்டு என்று செய்தவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. தலைமையகத்துக்காரர் நெல்சனின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நெல்சன் என்ன சொல்லுவார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

இணைப்பைத் துண்டித்தபோது டெல்பினுக்கு நெஞ்சிலிருந்து எதையோ இறக்கிவைத்தது போலிருந்தது. திடீரென்று பசித்தது. மூன்று வாரமாக மறந்துபோயிருந்த பசி. சாப்பாட்டு டப்பாவை எடுக்கத் தன் அறைக்குப் போனாள். கதவு திறக்கவில்லை.

“தலைமைப் பொறியாளர் அறை. துணைப் பொறியாளருக்கு அனுமதி இல்லை.”

டப்பா உள்ளே மேசைமேல் இருப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வடிகட்டிப் பிரிவின் நடையில் பதினோரு பேரும் வட்டமாக உட்கார்ந்து பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சித்தாய் நிமிர்ந்து பார்த்தாள். அவள் உறைபடி எதையும் படித்ததில்லை. ஆனாலும் எட்டு மாதத்துக்கு முன்பு கூப்பிட்டது போலவே கூப்பிட்டாள்.

“ஏ டெல்பினு, அங்க என்னத்துக்குத் தனியா நின்னு சிரிக்க? வா, ஒக்காந்து சாப்புடு.”