வலது கையில் சுவர்

அன்றைக்கு மழை பெய்ததற்கு நான் காரணமில்லை. மற்றதற்கெல்லாம் நான்தான்.

விடுமுறைக்குப் போன இடத்தில் மூன்று நாளாக மழை. அறைக்குள் அடைந்து கிடந்தது போதும் என்று அப்பா எங்களைக் கோட்டை நகரத்துக்குக் கிளப்பினார். சுற்றிலும் உயரமான கருங்கல் மதில். அதை ஒட்டி உள்பக்கமாக ஒரு பாதை. போக வர ஒரே ஒரு வாசல். குடை பிடித்தும் நாலு பேரும் தொப்பலாக நனைந்துவிட்டோம்.

என் தம்பிக்கு ஆறு வயது. வீட்டில் அவன் பெயர் தொணப்பன். வாசலுக்கு அருகில் இருந்த பழைய பீரங்கியைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டான்.

"அக்கா, இதுக்குள்ள பூனை படுத்துக்குமா? படுத்தா யாரு எழுப்புவா?"

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். அவன் கை முழுக்க மிட்டாய்ப் பிசுபிசுப்பு.

"சீ, ஒட்டுது. அம்மாகிட்ட போய்க் கேளு" என்று உதறினேன்.

அம்மா எதிர்க்கடை வாசலில்தான் நின்றிருந்தார். ஆனால் அவன் போவதற்குள் அப்பாவோடு காவல் கோபுரத்தில் ஏறிவிட்டார். தம்பி என்னோடு இருக்கிறான் என்று அம்மா நினைத்தார். அம்மாவோடு இருக்கிறான் என்று நினைத்து, நான் மழைக்கு ஒரு கடைக்குள் ஒதுங்கினேன்.

அரை மணி நேரம் கழித்து அவர்கள் இறங்கி வந்தார்கள்.

"தம்பி எங்கடி?" என்றார் அம்மா.

அம்மாவுக்குப் பின்னால் பார்த்தேன். அவன் இல்லை. தம்பிக்கு மூச்சிரைப்பு உண்டு. குளிரில் நனைந்தால் நெஞ்சு விசில் அடிக்கும். உடனே இன்ஹேலரை வாயில் வைத்து மருந்தை இழுக்க வேண்டும். அந்த இன்ஹேலர் என் பையில் இருந்தது.

மதிலோரம் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து ஒருவர் சாவியை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டோம்.

"மஞ்சள் சட்டைப் பையனா? அழுதுகிட்டே இப்படிப் போனான். வலது கையால சுவத்தைத் தடவிக்கிட்டே. கூப்பிட்டேன், நிக்கல. அரை மணி இருக்கும்."

அப்பாவின் முகம் வெளுத்தது.

அப்பா எலக்ட்ரீஷியன். கரண்ட் இல்லாத கட்டடங்களுக்குள் வேலை செய்பவர். "வழி தெரியலன்னா வலது கையைச் சுவத்துல வை. எடுக்காம நட. வாசல் தானா வரும்" என்று எங்களுக்கு அடிக்கடி சொல்வார். தம்பி அதை அப்படியே செய்திருக்கிறான். வாசல் அவனுக்குப் பின்னால் நூறடியில் இருந்தது. அது தெரியாமல் ஊரையே சுற்றப் போய்விட்டான்.

"இன்ஹேலரைக் குடு. நான் ஓடுறேன்" என்று அப்பா கை நீட்டினார்.

நான் பையை இறுக்கிக்கொண்டேன்.

"குடுடி. விளையாடற நேரமா இது?"

"அப்பா, அவன் ரொம்ப தூரம் போயிருப்பான். பின்னாடி போனா துரத்தணும். வாசலுக்கு அந்தப் பக்கமாப் போனா அவனே சுத்திக்கிட்டு எதிர்ல வருவான். கையை எடுக்க மாட்டான்ப்பா. நீங்க சொன்னதாச்சே."

"நடுவுல எங்கயாவது விழுந்து கிடந்தா?" என்றார் அம்மா.

சாவிக்காரர் அரத்தைக் கீழே வைத்தார். "சார், நீங்க பின்னாடி போங்க. அம்மாவும் பொண்ணும் மருந்தோட எதிர்ப்பக்கம் போகட்டும். வாசலை நான் பாத்துக்கறேன். இந்த மழையில எவனும் சாவி தொலைக்கப் போறதில்ல."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்போம். அப்பா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு வெறுங்கையோடு ஓடினார்.

நானும் அம்மாவும் எதிர்ப்பக்கம் ஓடினோம். கணுக்கால் வரை தண்ணீர். கதவுகளெல்லாம் சாத்தியிருந்தன. அம்மா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஒரு திருப்பத்தில், சாக்கடை ஓரம் மஞ்சளாக எதுவோ கிடந்தது. அம்மா என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. கிட்டே போனால் ஒரு பழைய பிளாஸ்டிக் பை. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

இன்னும் இரண்டு திருப்பம். முதலில் கேட்டது விசில்தான்.

மதிலில் சாய்ந்து சாய்ந்து வந்தான் தம்பி. உதடு நீலம் பூத்திருந்தது. எங்களைப் பார்த்தும் ஓடி வரவில்லை. அவனால் முடியவில்லை.

இன்ஹேலரைக் குலுக்கி அவன் வாயில் வைத்தேன். "இழு. மூச்சைப் பிடி. இப்ப விடு." மறுபடியும் ஒரு தடவை. அம்மா அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். விசில் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அதற்குள் அப்பாவும் மூச்சு வாங்க ஓடி வந்து சேர்ந்தார்.

"அப்பா, நான் கையை எடுக்கவே இல்ல" என்றான் தம்பி.

வலது கையை விரித்துக் காட்டினான். உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. அப்பா மதில் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தக் கையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் நான் நின்றேன். தம்பி இடது கையைச் சட்டையில் இரண்டு தரம் துடைத்துவிட்டு என்னிடம் நீட்டினான்.

"இது மழையில கழுவிடுச்சுக்கா. இப்ப ஒட்டாது."

பிடித்துக்கொண்டேன். வாசலைத் தாண்டிய பிறகும் விடவில்லை.