முனாப் எழுதிய சைரன்

நோன்பு வாயோடு சத்தியமாகச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூட நான் சோடித்ததல்ல.

சண்டை முடிந்த வருடத்து நோன்பு மாதம். ஓட்டமாவடியில் ஆற்றோரப் பள்ளிவாசலின் சைரனைக் கேட்டுத்தான் அக்கரை ஆட்களும் நோன்பு திறப்பார்கள். அதை ஊதுவது ஒரு கணினி. நான் சொல்லப்போகும் நாளுக்கு முந்தின நாள், சூரியன் தண்ணீருக்கு மேல் ஒரு சாண் நிற்கையிலேயே அது ஊதிவிட்டது. ஊரே பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டது.

"இன்டைக்கும் பிழைச்சா ஊருக்கு ரெண்டு நோன்பு கழா, பிறகு திருப்பிப் பிடிக்கணும், மர்சூக். எனக்கு மோதினார் வேல போகும், திருத்த வந்த உனக்கு மானம் போகும்," என்றார் அங்கே பாங்கு சொல்லும் இப்றாஹிம் மோதினார்.

"புரோகிராம எழுதின முனாப் சுனாமி அலையோட போயிட்டான், நானா. அவன் எழுதின மூலமும் அவன்ட வீட்டோட போச்சு. இப்ப இருக்கிறது மெசினுக்கு மட்டும் விளங்கிற பாஷ."

"அப்ப மெசினுக்கிட்டயே கேளன்," என்று மோதினார் நோன்புக் கஞ்சி கிண்டப் போய்விட்டார்.

பின்னேரத்து அஸர் தொழுதுவிட்டு மர்சூக் அறைக்கதவைச் சாத்தி உட்கார்ந்தபோது, வெளியே ரம்பை இலையும் பூண்டும் கொதிக்கும் மணமும் தலைக்கு மேல் காற்றாடியின் கிறீச்சொலியும் அறையை நிறைத்திருந்தன. நிரலை வரிவரியாக நிறுத்தி ஓட்டிப் பார்க்கும் டிபக்கரைத் திறந்தான். மூலம் கிடைக்கவில்லை என்றது திரை. அதற்குக் கீழே இயந்திரத்தின் மொட்டைக் கட்டளைகள்: எடு, வை, ஒப்பிடு, தாவு. அடுத்த கட்டளையின் பக்கத்தில் ஒரு மஞ்சள் அம்பு. விசைப்பலகையில் ஒரு விசையை ஒரு தரம் அழுத்தினால் ஒரு வரி இறங்கும்; அழுத்தாவிட்டால் அப்படியே நிற்கும்.

நிரல் நேரத்தை எடுத்தது. சூரியன் மறையும் மஃரிப் நேரத்தோடு ஒப்பிட்டது. சரி. பிறகு எங்கேயோ தாவியது. அங்கே அது நேரத்தைப் பார்க்கவில்லை. பாங்கு சொல்லும் மைக்கைக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஊதுகிற சாமானுக்குக் காது எதற்கு? யாரோ கை வைத்திருக்கிறார்கள். மோதினாரா? அவருக்குக் கைத்தொலைபேசியே பிடிக்கத் தெரியாது. முனாபா? அவன் மையித்து கல்குடாக் கரையில் ஒதுங்கிக் கிடந்ததென்று ஊர் சொன்னது. மர்சூக் பார்க்கவில்லை.

மைக் வயரைப் பிடுங்கினான்.

மைக்கின் எண் ஏறியது. இறங்கியது. மூச்சுப்போல. நிறுத்தி வைத்த நிரலில் எண் மாறவே மாறாது.

கஞ்சி மணம் போய்விட்டது. சேற்று மணம்.

அம்பு ஒரு வரி இறங்கியது. அவன் கை மடியில் இருந்தது.

"நானா?"

இன்னொரு வரி.

விசை தானாகத் தாழ்ந்தது. எழும்பியது. அதன்மேல் ஈரமாய் ஒரு விரல் அடையாளம்.

இன்னும் ஒரே வரி. அதற்குப் பிறகு சைரன்.

விசை தாழாமலிருக்க உள்ளங்கையை அதற்குக் கீழே கொடுக்க முடியுமா? மேலே பொத்தினான். லேசாக. அழுத்தாமல்.

அவன் கைக்கு மேல் ஒரு கை வந்து அமர்ந்தது. குளிர். கனம். அழுத்தியது.

சைரன் அலறியது. யன்னலில் சூரியன் முழுதாக நின்றது. அக்கரையில் ஆட்கள் பேரீச்சம்பழத்தை வாய்க்குக் கொண்டுபோனார்கள். மேலிருந்த கை விலகவில்லை. அவன் விரல்களுக்கிடையில் தன் விரல்களை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டது.

இதையும் நோன்பு வாயோடுதான் சொல்கிறேன்: அந்த வருடம் அந்தப் பள்ளிவாசலுக்கு இன்னும் கரண்ட் எடுத்திருக்கவில்லை.