சாந்தினியின் அனுமதி

கல்யாணமான நான்காம் நாள், ஜெலுத்தோங்கில் கணவன் தயாளனின் பழைய வீட்டுக்குப் பிரஷாந்தி குடிவந்தாள். அவளை இறக்கிவிட்டு அவன் வேலைக்குப் போய்விட்டான். மத்தியானம். வெளியே விடாத மழை. பெட்டியைப் பிரித்துத் துணி அடுக்கிவிட்டுக் கூடத்துக்கு வந்தால், யாரும் தொடாத டிவியில் படங்கள் தாமாகவே ஓடிக்கொண்டிருந்தன.

எல்லாம் சாந்தினி. இரண்டு வருஷத்துக்கு முன் இறந்துபோன முதல் மனைவி. கடற்கரையில் சாந்தினி. பட்டுச்சேலையில் சாந்தினி. இதே சோபாவில் தயாளன் தோளில் சாய்ந்திருக்கும் சாந்தினி.

பிரஷாந்திக்குப் பொறுக்கவில்லை. தொழிற்சாலை ஒன்றில் கணினிப் பிரிவைப் பார்க்கும் அக்கா ரூபினிக்குப் போன் அடித்தாள்.

“அக்கா, இவ படத்தையெல்லாம் அழிக்கணும். டிவியை உடைச்சாப் போதுமா?”

“ஐயோ, உடைச்சிராதே லா! படம் டிவியில இல்ல, கிளவுட்ல இருக்கு. கிளவுட்னா மேலே பாக்காதே. எங்கேயோ ஒரு கம்பெனி கம்ப்யூட்டர்ல நம்ம சாமானை வைக்கிறது, அவ்வளவுதான். பாஸ்வேர்ட் இருக்கா?”

“டிவிக்குப் பின்னால எழுதி ஒட்டியிருக்காரு. ‘சாந்தினி என் உயிர்’னு.”

“நல்ல மாப்பிள்ளை! கதவுலயே சாவியைத் தொங்கவிட்ட மாதிரி.”

பிரஷாந்தி சிரிக்கவில்லை. ஒவ்வோர் எழுத்தாகக் கைப்பேசியில் குத்தினாள்.

“சாந்தினியோட ஹேண்ட்போன்ல அனுமதி கேக்குதுக்கா.”

“அது ரெண்டாவது பூட்டு. பாஸ்வேர்ட் திருடு போனாலும், அந்தப் போன்ல ‘ஆமா, நான்தான்’னு அழுத்தினாத்தான் திறக்கும். போன் எங்கே?”

“அஸ்தியோட கடல்ல போட்டுட்டாராம்.”

“அப்ப முடியாது. அவரு வரட்டும், வேற வழி...”

கைப்பேசியில் கணக்கு திறந்துகொண்டது.

கூடத்தில் உப்புத்தண்ணீர் வாடை.

“அக்கா, திறந்திருச்சு.”

ரூபினி குரலைத் தாழ்த்தினாள். “யாரு அழுத்தினது? பிரஷா, உடனே வெளியே வா. யாருன்னு தெரியாத கை அனுமதி குடுத்தா, அங்க வேற ஆள் இருக்குன்னு அர்த்தம்.”

“இருக்கட்டும். அவ மூஞ்சியை அழிச்சிட்டுத்தான் வருவேன்.”

இணைப்பைத் துண்டித்தாள்.

உள்ளே, ஆள்வாரியாகப் படங்களைப் பிரித்து, முகங்கள் வட்டவட்டமாக நின்றன. ஒன்றின் கீழ் ‘சாந்தினி’ என்று பெயர். அருகில், கல்யாணப் படத்திலிருந்து எடுத்த மாலையோடு பிரஷாந்தி, பெயரில்லாமல். நடுவே ஒரு கேள்வி: இருவரும் ஒரே ஆளா?

‘இல்லை’யை அழுத்தினாள்.

அதே கேள்வி.

இல்லை.

அதே கேள்வி.

பயந்து விரலை எடுத்தாள்.

‘ஆம்’ தானாக அழுந்தியது.

இரண்டு வட்டங்களும் ஒன்றாயின. கல்யாணப் படம் ஒவ்வொன்றிலும் அவள் முகத்துக்குக் கீழே சாந்தினியின் பெயர் ஏறியது. பக்கத்தில் சோபா மெல்ல அமுங்கியது. ஈரக்கூந்தல் அவள் தோளில் பட்டது.

“தள்ளி உக்காரு,” என்றது காதோரம் ஒரு குரல்.

ஆறு மணிக்குத் தயாளன் வந்தான். காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றியபடி, “சாந்தினி, தே போடு லா,” என்றான். சொன்னதை அவன் உணரவே இல்லை.

‘என் பேரு பிரஷாந்தி’ என்று சொல்ல வாயெடுத்தாள்.

“இன்னிக்கும் ரோட்டுல ஜேமா?” என்றது வாய்.

கால்கள் சமையலறைக்குப் போயின. எந்த டப்பாவில் எது என்று கைக்குத் தெரிந்திருந்தது. தயாளன் தேநீரை ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினான்.

“ரெண்டு வருஷமாச்சு, இப்படிக் குடிச்சு.”

பிரஷாந்திக்கு அழுகை முட்டியது.

முகம் சிரித்தது.