மாப்பிள்ளை விசாரணை

“என்ட மகனுக்கு பீடி, சிகரட் ஒண்டும் தெரியாது மகள்… வெத்திலகூடப் போட மாட்டான். அஞ்சு வக்துத் தொழுகையும் தவறாது…”

வாசலில் மழைக்கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்த ஸியாத்துக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. உம்மா யாரிடம் இப்படி அளக்கிறா? அஞ்சு வக்தா? சுபஹுத் தொழுகைக்கு அவனை எழுப்ப முகத்தில் தண்ணீர் தெளிக்கிற கதையை மட்டும் உம்மா சொல்லவில்லை போலிருக்கிறது!

மெல்ல எட்டிப் பார்த்தான்.

வீட்டிலிருந்த ஒரே நல்ல கதிரையில் ஒரு பெண்… முக்காடு நனைந்து நெற்றியோடு ஒட்டியிருந்தது. மடியில், தலை துவட்ட உம்மா கொடுத்த புதுத் துவாய். கையில் இஞ்சிப் பிளேன்ரீ. காலடி கேட்டு நிமிர்ந்தாள்… அவ்வளவுதான். கரைத்தீவில் கடல்நீர்க் களப்போரம் கொட்டிக்கொண்டிருந்த அந்த ஐப்பசி மழை முழுவதும் இந்த இரண்டு கண்களுக்குள் வந்து ஒதுங்கிக்கொண்டதா என்ன? ஸியாத் சலாம் சொல்லவும் மறந்து நின்றான்.

“இவன்தான் மகள், ஸியாத். இறால் பண்ணையில மனேஜர்.”

“உம்மா! நான் மனேஜர் இல்ல. இறால் குஞ்சுக்குத் தீன் போட்டு, தண்ணி மாத்துற ஆள்.”

“மனேஜர் லீவு போட்டா இவன்தானே பாக்கிற!” றஹ்மத் உம்மா விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அந்தப் பெண் சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள். “வீடு யார்ட பேர்ல இரிக்கு உம்மா? எத்தின அறை? மன்னாரில காணி இன்னமும் இரிக்கா?”

றஹ்மத் உம்மாவின் முகம் மலர்ந்தது. மலராமல் என்ன செய்யும்? அந்தப் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். வருவதற்கு முன்னால் யாராவது ஒருத்தி, தண்ணீர் குடிக்கிற சாக்கில் வீட்டுக்குள் நுழைந்து வீடு, காணி, கக்கூசு, குடும்பத்தில் என்ன நோய் வருத்தம் என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுப் போவாள். வந்தவள் கேட்டதும் ஒன்றுவிடாமல் அதையேதான்!

பாவம், மபாஸா. அவள் பல்கலைக்கழகத்தில் அபிவிருத்திப் பொருளியல் படிக்கிற இறுதியாண்டு மாணவி. தொண்ணூறில் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பங்கள் சண்டை முடிந்த பிறகும் எப்படி வாழ்கின்றன, வறுமை எவ்வளவு என்பதுதான் அவளுடைய ஆய்வு. றஹ்மத் உம்மாவுடையதும் மன்னாரிலிருந்து அப்படி வந்த குடும்பம்தான். ‘கம்பஸ்ல இருந்து வாறன், கொஞ்சம் கேள்வி கேக்கோணும்’ என்று சொல்லித்தான் உள்ளே வந்தாள். வறுமை என்ற சொல்லை மட்டும் ஒரு வீட்டு வாசலில் நின்று சொல்லக் கூச்சமாக இருந்தது. விட்டுவிட்டாள்.

பஸ் நிற்கிற இடம்வரை கொண்டுபோய் விடச் சொல்லி உம்மா மகனை அனுப்பினா. குடை ஒன்று, ஆள் இரண்டு. அவளிடம் குடையைக் கொடுத்துவிட்டு ஸியாத் நனைந்துகொண்டே நடந்தான்.

“உங்கட உம்மா ஏன் என்ன இவ்வளவு கவனிக்கிறா?”

“வெளங்கல்லயா? நீங்க மாப்பிள்ள விசாரிக்க வந்த ஆளெண்டு நெனச்சிட்டா.”

மபாஸா நடுரோட்டில் நின்றுவிட்டாள். “அல்லாஹ்வே! கம்பஸ்ல இருந்து வாறனெண்டு சென்னேனே!”

“போன முற வந்த பொம்புள தையல் மெசின் விக்க வந்தனெண்டு சென்னா. எல்லாரும் ஒவ்வொரு சாட்டோடதான் வருவாங்க.”

“அப்ப நீங்களாச்சும் உடன செல்லியிருக்கலாமே?”

“செல்லத்தான் வாயத் தொறந்தன்… நீங்க நிமிந்து பாத்தீங்க. மறந்து போச்சி.”

மபாஸாவின் காது மடல் சூடானது. இந்த ஆளுக்கு என்ன துணிச்சல்! “இறால் குஞ்சுகளோடயும் இப்பிடித்தான் கதைக்கிறதா?”

“அதுகள் கக்கூசக் கணக்கெடுக்க வாறதில்லையே…”

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பிலேயே பஸ்ஸும் வந்துவிட்டது. ஏறும்போது, “உம்மாக்கு இன்டைக்கே செல்லிருங்க” என்றாள். “செல்றன்… ரெண்டு நாளைக்கு சந்தோஷமா இரிக்கட்டுமே” என்றான்.

சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை! சனி ஞாயிறுகளில் மற்ற வீடுகளில் கேள்வி கேட்க வருகிறபோதெல்லாம் றஹ்மத் உம்மா பிடித்திழுத்துச் சோறு கொடுத்தா. வாப்பா பேர் என்ன, ஊர் எது என்று தானும் விசாரித்தா. ஸியாத் அன்றைக்கென்று பண்ணையிலிருந்து சீக்கிரம் வந்தான். இரண்டு பேரும் உம்மாவுக்குத் தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்… இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாள் போனது. சொன்னால் இந்த வீட்டுக்கு வர ஒரு காரணம் குறைந்துவிடுமே என்று மபாஸாவின் மனசு கள்ளத்தனமாகக் கணக்குப் போட்டது.

அந்தக் கணக்கு ஒரு வெள்ளிக்கிழமை உடைந்தது.

குறிஞ்சிப்பிட்டியில் மபாஸாவின் வீட்டு வாசலில் ஒரு த்ரீவீல் வந்து நின்றது. பெருநாளுக்கு உடுக்கிற சாரியில் றஹ்மத் உம்மா. கையில் தொதல் பலகாரமும் ஒரு சீப்பு வாழைப்பழமும். பெண் வீட்டார் இன்னும் வரக் காணோமே என்று, களப்பைச் சுற்றி இரண்டு பஸ் மாறித் தானே வந்திருக்கிறா!

மபாஸாவின் உம்மா சித்திமரியம் வாசலுக்கு வந்தா. கரைத்தீவிலிருந்து வருவதாகச் சொன்னதும், “ஆ… மகள்ட படிப்புக்கு ஏழ ஆக்கள்ட வீடுகளக் கணக்கெடுக்கிறாள், நீங்களும் அதில ஒராளா? உள்ளுக்கு வாங்க. ஏதும் ஒதவி தேவையா?” என்று கேட்டா. மனசில் ஒன்றும் இல்லாமல், இரக்கத்தோடுதான் கேட்டா.

அடுப்படியிலிருந்து ஓடிவந்த மபாஸாவை றஹ்மத் உம்மா ஒருமுறை பார்த்தா. எல்லாம் விளங்கிவிட்டது.

“ஒண்டுமில்ல… இந்தப் பக்கம் ஒரு வேலயா வந்தன். தண்ணி கொஞ்சம் குடிச்சிட்டுப் போவமெண்டு.”

தந்த தண்ணீரை ஒரு வாய் குடித்தா. தொதலையும் பழத்தையும் வாசல் கதிரையில் வைத்துவிட்டு த்ரீவீலில் ஏறினா. மபாஸா கேட் வரைக்கும் “உம்மா… உம்மா…” என்று ஓடினாள். றஹ்மத் உம்மா திரும்பிப் பார்க்கவே இல்லை.

பின்னேரம் ஸியாத்தின் அழைப்பு வந்தது. குரலில் சிரிப்பில்லை. “உம்மா வந்து படுத்தவ, ஒரு வார்த்த கதைக்கல்ல. தெருவெல்லாம் சம்பந்தம் வந்திரிக்கெண்டு செல்லி வச்சிரிக்கா… பிழ எனக்கும்தான். நான் உடன செல்லியிருக்கோணும். ஆனா மபாஸா… இனி எங்கட பக்கம் வராதீங்க.”

அவ்வளவுதான். தொலைபேசி செத்துவிட்டது. மபாஸா தலையணையை நனைத்தாள். ஒரு தாயின் மானத்தோடு விளையாடிவிட்டோமே என்று அழுதாள். அவனை இனிப் பார்க்க முடியாதே என்றும் அழுதாள். எது கூடுதல் என்று அவளுக்கே தெரியவில்லை.

வளாகத்துக்குப் போனதும் முதல் வேலையாக அந்த ஒரு வீட்டை ஆய்விலிருந்து நீக்கினாள். அவளுடைய விரிவுரையாளர் ரம்ஸியா மெடம் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தா. “ஏன் இந்த வீட்ட எடுத்திட்டீர்? பதில் பிழையா?”

“பதிலும் கொஞ்சம் கூட்டிச் சென்னதுதான் மெடம்… ஆனா அதுக்காக இல்ல.”

“பின்ன?”

“ஆய்வு செய்ற ஆளுக்கு அந்த வீட்டில சொந்த விருப்பம் ஏதும் இரிக்கப்படாதெண்டு நீங்கதானே படிப்பிச்சீங்க…”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. முகம் குப்பென்று சிவந்தது. ரம்ஸியா மெடம் சிரித்தா. “அப்ப இங்க ஏன் நிக்கிறீர்? இத எனக்குச் செல்லி என்ன பிரயோசனம்?”

மபாஸா வீட்டுக்குப் போனாள். வாப்பாவிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். வாப்பா அபூசாலி வெங்காயத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவதை நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். உள்ளூர்க் குடும்பம், இடம்பெயர்ந்த குடும்பம் என்று ஊரார் பிரித்துப் பேசுவது அவருக்குத் தெரியாததல்ல.

“ஒண்ட உம்மா வாசல்ல வச்சி அந்த மனிசிய அப்பிடிக் கேட்டிரிக்கப்படாது” என்றார் கடைசியில். “எப்ப போவம்?”

அல்ஹம்துலில்லாஹ்! மபாஸாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மறு வாரம் கரைத்தீவில் மண்டையைப் பிளக்கிற வெயில். றஹ்மத் உம்மா விறாந்தையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. மபாஸாவைக் கண்டும் சுளகு நிற்கவில்லை. உள்ளேயிருந்து வந்த ஸியாத் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவனும் தூங்கியிருக்க மாட்டான்…

“இன்னமும் என்ன கேக்க இரிக்கு?” றஹ்மத் உம்மா நிமிராமலே கேட்டா.

“கேக்க இல்ல உம்மா, செல்லத்தான் வந்தன்.” மபாஸா விறாந்தைப் படியில் ஏறி நின்றாள். “நான் வறுமயப் பத்தித்தான் படிக்கிறன். அத ஒளிச்சது பிழ. நீங்க வேற நெனச்சீங்களெண்டு தெரிஞ்சும் செல்லாம வந்து ஒங்கட கையால சோறு திண்டது அத விடப் பெரிய பிழ. மன்னிச்சிக்கொள்ளுங்க. ஒங்கட வீட்ட நான் ஆய்வில இருந்து எடுத்திட்டன்.”

சுளகு நின்றது. “ஏன்? எங்கட வீடு ஒண்ட படிப்புக்கும் ஒதவாதா?”

“மனசில ஆச வச்சிட்டு ஒரு வீட்ட அளக்கப்படாது உம்மா. எனக்கு இந்த வீட்டுக்கு வாழ வரோணுமெண்டு ஆச. ஒங்கட மகன எனக்கு விருப்பம்.”

ஸியாத் நிலையிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

“யா அல்லாஹ்! ஒரு கொமருப் புள்ள தன்ட வாயால செல்ற கதையா இது?” றஹ்மத் உம்மா எழுந்தேவிட்டா. “இத ஒண்ட வாப்பால்லா வந்து கேக்கோணும்!”

“வாப்பா தெரு மூலையில வேனுக்குள்ள இரிக்கார்… உம்மாவும் இரிக்கா. நான் மன்னிப்புக் கேக்கும்வரைக்கும் எறங்க வேணா எண்டன். நீங்க முகம் குடுக்காட்டி அப்பிடியே திரும்பிப் போயிருவம்.”

“இந்த வெயில்லயா? வீடு தேடி வந்த ஆக்கள வேனுக்குள்ள வச்சி அவிக்கிறியா?” றஹ்மத் உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு செருப்பைத் தேடினா. ஒரு கால் செருப்புத்தான் கிடைத்தது. அதோடேயே தெருவுக்கு இறங்கி, வேனைப் பார்த்துக் கையை வீசிக் கூப்பிட்டுக்கொண்டு விறுவிறென்று நடந்தா. மபாஸாவைக் கடக்கும்போது அவளுடைய கன்னத்தை ஒருமுறை தடவிவிட்டுப் போனா.

மபாஸா தூணில் சாய்ந்துகொண்டாள். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் கண்ணால் வழிந்து போனது.

“செல்ல வேண்டியதெல்லாம் நீங்களே செல்லிட்டீங்க…” ஸியாத் பக்கத்தில் வந்து நின்றான். “எனக்கு மிச்சம் ஒண்டும் வைக்கல்ல.”

“மிச்சம் இரிக்கு. இன்னும் உங்கட பதில் வரல்லயே…”

“நீங்க வராத நாளெல்லாம் எனக்குத் தின்னவும் மனமில்ல, வேலைக்குப் போகவும் மனமில்ல. வராதீங்க எண்டு செல்லிட்டு ஒவ்வொரு பஸ்ஸையும் எட்டி எட்டிப் பாத்தன்.” அவன் அவளை நேரே பார்த்தான். “விருப்பம் மபாஸா. உசிரு மாதிரி விருப்பம்.”