அந்தோணிமேரிக்கு வாங்கிய குழாய்

மதியம் கரண்ட் போனது. கிரைண்டர் நின்றது, காற்றாடி நின்றது, எதிர்வீட்டு டிவியில் அழுதுகொண்டிருந்தவளும் பாதி அழுகையில் நின்றாள். அந்த வருஷம் திண்டிவனத்தில் கரண்ட் இருந்தால்தான் அதிசயம். அம்சா யாரையென்று இல்லாமல் பொதுவாக நாலு வார்த்தை திட்டிவிட்டு, பாதி அரைபட்ட உளுந்தை வலது கையால் வழிக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் கவனித்தாள். எல்லாம் நின்ற பிறகும் ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை.

உர்ர்ர். உர்ர்ர்.

பால் குடித்துவிட்டு அடுப்பங்கரையில் படுத்திருக்கும் பூனை மாதிரி ஒரு உறுமல். அது அவளுடைய இடது கையிலிருந்து வந்தது. வந்ததில் ஆச்சரியம் இல்லை. அந்தக் கையில் தோலுக்கு அடியில் டாக்டர் ஒரு குழாய் வைத்திருந்தார், அதில் ரத்தம் ஓடும் சத்தம் எப்போதும் இருக்கும். ஆனால் அதைக் கேட்க வேண்டுமானால் கையைக் காதோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இன்று கை அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருக்க, சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

அதுகூடப் பரவாயில்லை. மாவோடு மல்லுக்கட்டியதில் அவளுக்கு மூச்சு வாங்கியது, நெஞ்சு திடுதிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. குழாயோ அவசரமே இல்லாமல், ஒன்று, பிறகு ஓர் இடைவெளி, பிறகு இன்னொன்று என்று நிதானமாக உறுமிக்கொண்டிருந்தது. மாவுக் கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். இடது கையைக் காதில் வைத்துப் பார்த்தாள். ஒரே உடம்பு, ஒரே ரத்தம். அடி மட்டும் இரண்டாக இருந்தது.

"போவுது போ, மெஷினே பேஜாரு பண்ற ஊரு இது, இது என்னா பண்ணும்" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு எழுந்தாள். பயம் வந்தால் வாய் பேசுவது அவள் வழக்கம்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. இடம் மாறி மாறி, இப்போது பத்து மாதமாக விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விட உடம்பில் ஒரு பாதை வேண்டும். கையில் நரம்போடு நரம்பைச் சேர்த்துத் தைத்துப் பார்த்தார்கள். இரண்டு முறையும் அடைத்துக்கொண்டது. கழுத்தில் இரண்டு பக்கமும் குழாய் போட்டு, இரண்டு பக்கமும் சீழ் வைத்து எடுத்தாயிற்று. கடைசியாகத்தான் டாக்டர் இந்தப் புதுக் குழாயைப் பற்றிச் சொன்னார்.

"பெருசா கிழிக்கவே மாட்டோம்மா. முழங்கை கிட்ட ஒரு சின்ன கீறல், அக்குள் பக்கம் ஒரு பொட்டு ஓட்டை, அவ்ளோதான். தோலுக்கு அடியில கம்பியால வழி பண்ணி குழாய இழுத்து விட்ருவோம். மேல் முனையில கம்பி வலை இருக்கு. அதைத் தைக்கக்கூட வேணாம், நரம்புக்குள்ள போய் தானா விரிஞ்சு பிடிச்சுக்கும். ஒரு தடவ பிடிச்சா விடாது."

குழாய் வெளிநாட்டுச் சரக்கு, அவர்கள் வாங்கக்கூடியதில்லை. யாரோ ஒரு குடும்பம் தங்கள் நோயாளிக்காக வாங்கி, உபயோகப்படாமல் போக, பெட்டி பிரிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் கோதண்டபாணி அந்தப் பெட்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். ஏன் உபயோகப்படவில்லை என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

தினமும் காலையில் காது வைத்துக் கேட்க வேண்டும், சத்தம் நின்றால் ஓடி வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கேட்கிற வேலையை மகள் கலையரசி எடுத்துக்கொண்டாள். பன்னிரண்டாவது படிக்கிறவள். பள்ளிக்கூடம் கிளம்பும்முன் அம்மாவின் கையில் காதை வைத்து, "ஓடுதும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவாள். இவள் ஒரு வேலையில் உட்காரும்வரை நான் சாக மாட்டேன் என்று அம்சா தனக்குள் சொல்லிவைத்திருந்தாள். சாமியிடம் கேட்கவில்லை. சாமிக்குத் தகவல் கொடுத்துவிட்டாள், அவ்வளவுதான்.

அந்த மதியத்துக்குப் பிறகு இடது கை சில்லிட ஆரம்பித்தது. முதலில் விரல் நுனி. பிறகு உள்ளங்கை. வெயிலில் காட்டினாலும் வெந்நீரில் வைத்தாலும் பானைத் தண்ணீர் மாதிரி ஒரு குளிர்ச்சி. கூடவே ஒரு வாசனை. மூட்டுக்குத் தேய்க்கிற தைலமும் மெழுகுவர்த்தி அணைந்த புகையும் கலந்தது போல. அவள் வீட்டில் அந்த இரண்டுமே கிடையாது.

"என்னாடி, மாவு ஒட்டிக்கினு இருக்கா? அப்பத்துலருந்து உருட்டிக்கினே இருக்கிற" என்றான் கோதண்டபாணி, சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே.

அம்சா குனிந்து பார்த்தாள். இடது கை மடியில் கிடந்தது. கட்டைவிரல் ஆள்காட்டி விரல்மேல் மெதுவாக எதையோ உருட்டியது, நின்றது, ஒன்றைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பிடித்தது, மறுபடி உருட்டியது. அவள் உருட்டவில்லை. நிறுத்தப் பார்த்தாள். கை அவள் பேச்சைக் கேட்கவில்லை.

"கை மதமதன்னு இருக்குங்க, அதான்" என்று சொல்லி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

டயாலிசிஸ் அறையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அங்கே ஒரு கட்டில் காலியாவதற்கு அநேகமாக ஒரே காரணம்தான். அதனால் புதிதாக வருகிறவர் தன் கட்டிலில் முன்பு யார் படுத்திருந்தார்கள் என்று கேட்பதில்லை, பழையவர்களும் சொல்வதில்லை. பேச்சு மழையைப் பற்றியும் உப்பில்லாத சோற்றைப் பற்றியும்தான் இருக்கும். அம்சாவும் இத்தனை நாள் அந்தச் சட்டத்தை மதித்தாள். அடுத்த முறை விழுப்புரம் போனபோது மீறினாள்.

"ஜெர்லின், இந்தக் குழாய் யாருக்கு வாங்குனது?"

ஊசி ஏற்றிக்கொண்டிருந்த டெக்னீஷியன் பெண் நிமிரவில்லை. "அதெல்லாம் கேக்கக் கூடாதுக்கா."

"கேட்டாச்சு. சொல்லு."

ஜெர்லின் பிளாஸ்திரியை ஒட்டினாள், தேவையில்லாமல் இன்னொன்றையும் ஒட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்தோணிமேரின்னு ஒரு அம்மா. இதே கட்டில்தான். குழாய் வாங்கி வச்சும் ஜுரம் வந்து வந்து ஆபரேஷன் தள்ளிக்கினே போச்சு. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெட்டிய மடியில வச்சிக்கினு அதும்மேலயே ஜெபமாலை சொல்லிக்கினு இருப்பாங்க. ராத்திரி தலகாணிக்குக் கீழ வச்சிக்குவாங்களாம். ஆபரேஷன் அன்னிக்குக் காலையில தவறிட்டாங்க. சாவுற மாதிரியே இல்லக்கா அவங்க. அவ்ளோ ஆசையா இருந்தாங்க."

போர்வைக்கு அடியில் கட்டைவிரல் ஒரு மணியை உருட்டித் தள்ளியது. அடுத்ததைப் பிடித்தது. தைல வாசனை கட்டிலைச் சுற்றி நின்றது. அம்சாவுக்குக் கோபம் வந்தது. என் கையில் வந்து உட்கார்ந்துகொண்டு யாரைக் கேட்டு ஜெபம் பண்ணுகிறாய் என்று கேட்கத் தோன்றியது.

டாக்டர் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, குழாய் அருமையாக ஓடுகிறது என்றார். கை ரொம்பத் தொந்தரவு கொடுத்தால் குழாயைக் கட்டி நிறுத்திவிடலாம், ஆனால் அதன் பிறகு அவளுக்கு வேறு பாதை இல்லை என்றும் சொன்னார்.

"கட்ட வேணாம் சார். நான் பாத்துக்கிறேன்" என்றாள் அம்சா.

அதற்கு அடுத்த வாரம் அந்தோணிமேரிக்கு வருஷ நினைவு. அவள் மகன் ஜெனித் அம்மா படுத்த அறையிலிருக்கும் நோயாளிகளுக்கு ரொட்டி கொடுக்க வந்தான். மீசை இப்போதுதான் கறுக்கிற வயசு. வாசலில் அவன் செருப்பைக் கழற்றியபோதே அம்சாவின் கையில் குழாய் விழித்துக்கொண்டது. நிதானம் போனது. உர்ர் உர்ர் உர்ர் என்று தோலுக்கு அடியில் துள்ளியது. மெஷின் அலறியது. அவன் கட்டில் கட்டிலாக வந்தான். அம்சா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ரொட்டி வாங்கிக்கங்கக்கா."

இடது கை எழுந்தது. ஊசி குத்தியிருக்கிற கை. அசைக்கவே கூடாத கை. அது அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

அவன் முதலில் சிரித்தான். அப்புறம் விரல்கள் அவன் மணிக்கட்டின் உள்பக்கத்தை வருடின. சிரிப்பு நின்றது. "எங்கம்மா இப்டிதான்..." என்றான். உதடு கோணிக்கொண்டது. அந்தப் பிடி யாருடையது என்று அறையிலிருந்த பழைய நோயாளிகள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அம்சா வலது கையால் அந்த விரல்களைப் பிரித்தாள். ஒவ்வொன்றாக. சில்லென்ற விரல்கள். தன்னுடையவை. ஒன்றைப் பிரித்தால் அடுத்தது பிடித்தது. கடைசி விரல் விடுபட்டபோது அவன் ரொட்டிப் பையை அப்படியே போட்டுவிட்டு ஓடினான்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அம்சா தன் கையோடு சண்டை போட்டாள். பக்கத்து சீட்டுக்காரி எழுந்து வேறு இடம் போனாள். அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை.

மறுநாள் விடிந்தது. கோதண்டபாணி முதல் சவாரிக்குப் போயிருந்தான், கலையரசி குளித்துக்கொண்டிருந்தாள். அம்சா கிரைண்டர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மடியில் கட்டைவிரல் உருட்டிக்கொண்டிருந்தது.

"இந்தா அந்தோணிமேரி. உன்மேல எனக்குக் கோவம் இல்ல. உன் புள்ளய நானும் பாத்தேன், வயிறு எரிஞ்சிது. அதுக்காவ என் உடம்ப உனக்குத் தர முடியாது. எனக்கும் ஒருத்தி இருக்கா, குளிச்சிக்கினு இருக்கா பாரு. இந்தக் குழாய நான் அமுக்குனா அடைச்சிக்கும். அடைச்சிக்கிச்சின்னா உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. பாத்துரலாமா?"

விரல் நின்றது.

அம்சா வலது கட்டைவிரலைக் குழாய்மேல் வைத்து அமுக்கினாள். உறுமல் மெலிந்தது. இன்னும் அமுக்கினாள். விசில் மாதிரி ஆனது. நின்றது. தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று தூண்டிலில் மாட்டிய மீன் மாதிரி ஒருமுறை வெட்டி இழுத்தது. அவள் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள். அது மேலே நகர்ந்தது. கைக்குள். அக்குளுக்குள். சில்லென்று, கம்பி வலை பிடித்திருக்கும் இடத்தைத் தாண்டி. போகிறது. போய்விட்டது.

விரலை எடுத்தாள்.

உர்ர்உர்ர்உர்ர். வேகமாக, சூடாக, அவளுடைய அவசரத்தோடு. நாள்கணக்கில் செத்துக்கிடந்த விரல்களில் சூடு ஏறியது. மடக்கினாள், நீட்டினாள். சொன்னதைக் கேட்டன. தைல வாசனை இல்லை. "எங்கிட்டயா" என்று சிரித்தாள். ஜெயித்துவிட்டாள்.

வலது கை எழுந்தது.

அவள் எழுப்பவில்லை. அது நெற்றிக்குப் போனது. நெஞ்சுக்கு இறங்கியது. இடது தோள். வலது தோள். மறுபடி நெஞ்சில் வந்து படிந்தது. உள்ளங்கைக்கு அடியில் இதயம் அடித்தது. ஒன்று. இடைவெளி. ஒன்று. அவசரமே இல்லாமல்.

அம்சா கத்தினாள். வாய் திறக்கவில்லை. எழுந்து ஓடப் பார்த்தாள். கால் அசையவில்லை. இடது கை மட்டும் தரையை அறைந்தது.

"என்னாம்மா சத்தம்?" கலையரசி ஈரத் தலையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வழக்கம்போல இடது கையை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். "ஐயோ, இன்னிக்கு என்னாம்மா இவ்ளோ வேகமா அடிக்குது?"

நான்தாண்டி. இங்க. இதுக்குள்ள.

"ஓடுதில்ல கண்ணு. அது போதும்" என்றது வாய். மெதுவான குரல். அம்சா தன் ஆயுளில் அப்படி மெதுவாகப் பேசியதில்லை. வலது கட்டைவிரல் பெண்ணின் நெற்றியில் ஒரு சிலுவை போட்டது.

இடது கை கலையரசியின் மணிக்கட்டைப் பிடித்தது.

"அம்மா, உடும்மா. ஸ்கூலுக்கு நேரமாவுது. ம்மா, வலிக்குது."

வலது கை வந்தது. பொறுமையாக, ஒவ்வொரு விரலாக, பிரிக்க ஆரம்பித்தது. ஒன்றைப் பிரித்தது. பிரித்த விரல் மறுபடி பிடித்துக்கொண்டது. அடுத்ததைப் பிரித்தது. அதுவும் பிடித்துக்கொண்டது.