ஆறைக் கூட்டு

காலை 7.12. மொம்பாசா, பழைய நகரம்.

சௌமு தேர்தலிலிருந்து விலகிவிட்டாள் என்பது ஊரிலேயே கடைசியாகச் சௌமுவுக்குத்தான் தெரிந்தது.

அக்கா மஹம்ரிப் பணியாரத்தைத் துவரைக் குழம்பில் தோய்த்துத் தின்பதைத் தங்கை ஜுஹுரா கைபேசியில் நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தாள். வேட்பாளரும் நம்மைப் போலத்தான் தின்கிறார் என்று ஊர் நம்ப வேண்டுமே. முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்த கருத்துகளை உரக்கப் படித்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அக்கா, நீ விலகிட்டியாமே?"

"எதுலேர்ந்து?"

"தேர்தல்லேர்ந்து. நம்ம உபேபோவுலயே போட்டிருக்கு. உன் கையெழுத்தோட."

உபேபோ, சௌமுவின் செய்தித் தளம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எந்தப் படகில் கூட்டம் குறைவு என்று ஒற்றைக் கைபேசியில் சொல்ல ஆரம்பித்தாள். இன்று கடற்கரை முழுக்க உபேபோ சொன்னால்தான் செய்தி. அந்தப் பெயரை வைத்துத்தான் பாராளுமன்றத்துக்கு நிற்கிறாள்.

காலை பத்துக்குக் கட்சிக் கமிட்டி கூடி சீட்டு கொடுக்கும். வாசலிலேயே கைபேசியை வாங்கிக்கொள்வார்கள். முன்மொழிகிற ஆளும் நேரில் வந்தாக வேண்டும். விலகியவளுக்குச் சீட்டு கிடையாது. பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். மறுப்புப் போடலாமென்றால், உபேபோவின் கடவுச்சொல்லால் உள்ளே புகுந்தது யார் என்றே தெரியவில்லை. போட்ட மறுப்பை அவன் அழித்தால்?

காலை 8.05.

பதாவியின் இரும்புக்கடை மாடியில் உபேபோ அலுவலகம். இன்ஸ்பெக்டர் டாமா கடானா படியேறி வந்தாள். மீன் ஏலத்தில் வளர்ந்தவள். மீனைப் பார்ப்பதுபோலவே ஆளையும் முதலில் கண்ணில் பார்ப்பாள்.

"கடவுச்சொல் தெரிஞ்சவங்க யார் யாரு?"

"நான், ஜுஹுரா, கிப்டூ, பதாவி அண்ணன்," என்றாள் சௌமு. "அண்ணனை விட்டுடுங்க. இந்த மாடியைக் கொடுத்தவர். இன்னைக்கு என்னை முன்மொழியப் போறவரும் அவர்தான்."

பதாவி வெள்ளைக் கன்ஸு அங்கி, தையல் தொப்பியோடு கமிட்டிக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். காப்பிக்காரனிடம், "நாலு மணிக்கு எங்களுக்குக் கமிட்டிடா. சீக்கிரம் ஊத்து!" என்று அதட்டினார்.

கிப்டூ மலைநாட்டு ஆள், செய்தி ஆசிரியன். மெஷினைத் திறந்து பதிவேட்டைக் காட்டினான். "ஏத்தினது 7.12. வெளியாக வேண்டிய நேரம் 4.00. வெளியானது 7.12."

"அதெப்படி?"

"குறிச்ச நேரம் ஏற்கெனவே தாண்டியிருந்தா, மெஷின் காத்திருக்காது மேடம். உடனே வெளியிட்டுடும்."

"விடியக்காலை நாலுக்கு முழிச்சிருக்கிற ஒரே ஆந்தை இவன்தான்," என்றாள் ஜுஹுரா.

"நான் முழிச்சிருக்கறதால உன் எழுத்துப்பிழையெல்லாம் ஊருக்குத் தெரியல, தாயே."

டாமா சுவரைப் பார்த்தாள். மெஷினுக்கு மேலே ஒரு காகிதம்: 'ஆறைக் கூட்டு. மறக்காதே.'

"இது என்ன?"

கிப்டூ தலையைச் சொறிந்தான். "நோன்பு திறக்கிற செய்தியைப் பன்னெண்டரைக்குப் போடுன்னு அண்ணன் சொன்னாரு. அவசரத்துல மத்தியானம் பன்னெண்டரைக்கே போட்டுட்டேன்."

"எங்க மாமா நம்பிப் பேரீச்சம்பழத்தை வாயில போட்டுட்டாரு!" என்றாள் ஜுஹுரா.

இந்தக் கரையில் மணி எண்ணுவது பொழுது விடிந்ததிலிருந்து. காலை ஏழு எங்களுக்கு ஒரு மணி. மாலை ஏழும் ஒரு மணிதான். மெஷினுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. யாராவது ஆறைக் கூட்டித் தட்ட வேண்டும்.

"செய்தி வந்தப்ப யார் எங்க இருந்தீங்க?"

ஜுஹுராவுக்கு முந்நூறு சாட்சி. கிப்டூ பேருந்தில், சாட்சி இல்லை. பதாவி கீழே கடை திறந்துகொண்டிருந்தார். அவருக்கும் சாட்சி இல்லை.

"அம்மணி, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் பதாவி. "வெளியூர்க்காரன். போன வாரம்தான் சௌமு இவனுக்கு உபேபோவுல தன் நாற்காலியைத் தர்றதாச் சொன்னா. அதுக்குள்ள கொழுப்பு."

"நாற்காலி எப்ப இவருக்கு வரும்?"

"அவ நின்னாத்தான்."

"நிக்கலேன்னா?"

பதாவி காப்பியை ஊதினார்.

காலை 8.40.

டாமா மூவரையும் ஒவ்வொருவராக மெஷின் அறைக்குக் கூப்பிட்டாள். மூவருக்கும் ஒரே வேலை: "மறுப்புச் செய்தி எழுதி வெச்சிருக்கேன். அஞ்சு மணிக்கு வர்ற மாதிரி குறிச்சுக் கொடுங்க. கமிட்டி முடிஞ்சிருக்கும்."

ஜுஹுரா 11.00 என்று தட்டினாள். டாமா அழித்தாள். கிப்டூவும் 11.00. அதையும் அழித்தாள்.

பதாவி ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினார். 5.00.

கட்டடத்திலிருந்த எல்லாக் கைபேசிகளும் ஒரே நேரத்தில் சிணுங்கின. 'விலகல் பொய். சௌமு போட்டியிடுகிறார்.' நேரம் 8.51.

பதாவி விரலை எடுக்கவே இல்லை.

டாமா கதவைத் திறந்து எல்லோரையும் உள்ளே அழைத்தாள். "விடியக்காலை நாலுன்னு நீங்க எல்லாரும் நினைச்சீங்க. அவர் நினைச்சது இந்த ஊர் நாலு மணி, அதாவது காலை பத்து. அப்ப அவர் சௌமு பக்கத்துல, கைபேசி இல்லாம உக்காந்திருப்பாரு. யார் சந்தேகப்படுவா? பன்னெண்டு வருஷமா இவர் மணி சொல்லுவாரு, வேற ஆள் ஆறைக் கூட்டித் தட்டும். இன்னைக்குச் செஞ்சது மட்டும் வேற ஆள்கிட்டச் சொல்ல முடியாத வேலை."

சௌமுவின் குரல் மெதுவாக வந்தது. "ஏண்ணே?"

"முதல் படகுச் செய்தி போட்டியே, அந்தக் கைபேசி என்னோடது," என்றார் பதாவி. "போறப்ப நாற்காலியை நேத்து வந்தவனுக்குக் கொடுத்த. நீ போகாம இருந்தா எல்லாம் பழையபடி இருக்கும்னு..."

"வேணும்னு கேட்டிருக்கலாமே?"

"கேட்டு வாங்க அது என்ன சரக்கா? உனக்காத் தோணியிருக்கணும்."

"எனக்குத் தோணலன்னா என் கையெழுத்தை எடுத்துப்பியா?"

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஜுஹுரா மனுவைப் புரட்டினாள். "அக்கா, முன்மொழிபவர்னு இவர் பேருதான் இருக்கு. இனி மாத்த முடியாது."

சௌமு மனுவை வாங்கி ஒருமுறை படித்தாள். பிறகு டாமாவிடம் திரும்பினாள். "பதினொண்ணு வரைக்கும் இவரை விட்டு வைங்க."

"பத்தரை."

"கமிட்டியில நாற்பது பேர் பேசுவாங்க மேடம். பதினொண்ணு."

"சரி, பதினொண்ணுக்கு வாசல்ல நிப்பேன்." டாமா பதாவியைப் பார்த்தாள். "உங்க கணக்குல எத்தனை மணி?"

"அஞ்சு," என்றார் அவர், தரையைப் பார்த்து.

காலை 9.20. சௌமு மனுவை உறையில் போட்டுக்கொண்டு படியில் நின்றாள்.

"பதாவி, கிளம்புங்க."

அவர் எழுந்து, வழக்கமாக வரும் 'அண்ணே'வுக்காகச் சற்று நின்றார். அவள் கீழே இறங்கிவிட்டாள். தொப்பியை மாட்டிக்கொண்டு அவரும் பின்னாலேயே இறங்கினார்.